மக்காச்சோளம் பிழைத்தது, சோளம் வெளுத்தது ஏன்?

(உழவர் பயிற்சி நாளன்று உழவியல் விரிவுரையாளர் ஆற்றிய உரை)



மக்காச்சோளத்தில் களைக்கொல்லி பயன்படுத்துவது பற்றிப் பேசும்படி என்னைக் கேட்டுக்கொண்டார்கள். எந்த மருந்து, எத்தனை மில்லி, எந்த நாளில் தெளிப்பது என்று பத்து நிமிடத்தில் சொல்லி முடித்துவிடலாம். ஆனால் சென்ற தைப்பட்டத்தில் எங்கள் கல்லூரிக்கு அருகிலுள்ள ஊரில், ஒரு தோட்டத்தில் நான் கண்ட காட்சியை உங்களுக்குச் சொல்லாமல் மருந்தின் அளவைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அந்த உழவருக்கு இரண்டு ஏக்கர் கிணற்றுப் பாசனம். ஒன்றரை ஏக்கரில் மக்காச்சோளம். கிணற்று மேட்டை ஒட்டி முப்பது சென்ட் அளவில் கறவை மாடுகளுக்காகத் தீவனச் சோளம். ஒருநாள் காலையில் கல்லூரிக்கே வந்துவிட்டார். "ஏனுங்க, மாட்டுக்குப் போட்ட சோளம் வெள்ளைச் சீலை போர்த்தாப்பல நிக்குது. வந்து ஒரு பார்வை பாருங்க" என்றார்.

போய்ப் பார்த்தேன். அவர் சொன்னது மிகையில்லை. அடி இலைகள் பச்சையாகத்தான் இருந்தன. ஆனால் புதிதாக விரிந்த இலைகளும் குருத்தும் சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுத்திருந்தன. தானியப் பயிரில் குருத்து வெளுத்தால் துத்தநாகப் பற்றாக்குறை என்றுதான் எங்களுக்கு முதலில் தோன்றும். நானும் அப்படியே சொல்லிவிட்டேன். துத்தநாக சல்பேட்டை அரை சதக் கரைசலாகத் தெளிக்கலாம் என்றும் சொல்லிவிட்டு வரப்பில் நடந்தேன். அங்கே வரப்போரம் படர்ந்திருந்த சாரணையைப் பார்த்ததும் நின்றுவிட்டேன். அதன் நுனி இலைகளும் வெள்ளை!

துத்தநாகக் குறை சோளத்துக்கும் சாரணைக்கும் ஒரே வாரத்தில், ஒரே மாதிரி வருவது உண்டா? திரும்பி வந்து, "இங்கே என்ன மருந்து தெளித்தீர்கள்?" என்று கேட்டேன். மக்காச்சோளத்துக்கு வாங்கிய களைக்கொல்லியில் கொஞ்சம் மிஞ்சியதாம். வீணாக்குவானேன் என்று சோளத்திலும் அடித்திருக்கிறார். எட்டு நாள் ஆகியிருந்தது. மக்காச்சோளத்தைப் போய்ப் பார்த்தால் அது கருகருவென்று செழித்து நிற்கிறது. ஒரே மருந்து, ஒரே கைத்தெளிப்பான், ஒரே கை. ஒன்று வாழ்கிறது, மற்றொன்று வெளுக்கிறது.

அவர் அறியாமல் செய்துவிட்டார் என்று நான் சொல்லமாட்டேன். அவரிடம் ஒரு நியாயம் இருந்தது. "அட்ரசின் ரெண்டுக்கும்தானே அடிக்கிறோம்? அதுக்கு ஒத்துக்கிட்டது இதுக்கும் ஒத்துக்காதுங்களா?" என்று கேட்டார். நல்ல கேள்வி. அட்ரசினை மக்காச்சோளமும் தாங்கும், சோளமும் தாங்கும். பல ஆண்டுகளாக அப்படிப் பழகிவிட்டோம். பெயரிலும் சோளம், குடும்பத்திலும் இரண்டும் புல்லினம். ஆகவே ஒன்றுக்கு ஆகும் மருந்து மற்றொன்றுக்கும் ஆகும் என்று நினைப்பது இயல்பு. அந்த நினைப்பு எங்கே தவறுகிறது என்பதை அறிய, அந்த மருந்து செடிக்குள் எதைப் பிடிக்கிறது என்று பார்க்க வேண்டும்.

தச்சரின் கை

அவர் தெளித்த மருந்தின் பெயர் டெம்போட்ரையோன். டோப்ரமெசோன் என்பதும் அதே வேலையைச் செய்வது. இவை செடிக்குள் சென்று பிடிப்பது ஒரு நொதியை. நொதி என்றதும் மலைக்க வேண்டாம். முளைகட்டிய கேழ்வரகு இனிக்கிறதே, அது முளைக்கும்போது உண்டாகும் நொதி மாச்சத்தைச் சர்க்கரையாக மாற்றுவதால்தான். உயிருள்ள எதிலும் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு நொதி உண்டு.

பயறுகளிலும் பாலிலும் உள்ள புரதச்சத்து, மணிகளைக் கோத்த மாலை போன்றது. அந்த மணிகள்தாம் அமினோ அமிலங்கள். இருபது வகை. அவற்றுள் ஒன்று டைரோசின். 1846-ஆம் ஆண்டில் லீபிக் என்ற ஜெர்மானிய இரசாயன விஞ்ஞானி இதைப் பால்கட்டியிலிருந்து பிரித்தெடுத்தார். கிரேக்க மொழியில் பால்கட்டிக்கு உள்ள சொல்லே இதற்குப் பெயராயிற்று.

மாலை பழசானால் மணிகளைப் பிரித்து எடுக்க வேண்டும். தேவைக்கு மேற்பட்ட மணிகளை உடைத்து வேறு வேலைக்குப் பயன்படுத்த வேண்டும். நம் ஊரில் பழைய ஓட்டு வீட்டைப் பிரிப்பதில்லையா? அதுபோலத்தான். டைரோசினைப் பிரிக்கும் தச்சர்களில் இரண்டாவதாகக் கைவைப்பவர்தான் நாம் பேசும் நொதி. முதல் நொதி டைரோசினிலிருந்து தழைச்சத்துள்ள பகுதியைக் கழற்றிவிடும். மிஞ்சுவதை இரண்டாவது நொதி எடுத்து, காற்றிலுள்ள பிராணவாயுவைச் சேர்த்து உருமாற்றுகிறது. இதன் முழுப்பெயர் 4-ஹைட்ராக்சிஃபீனைல் பைருவேட் டைஆக்சிஜனேஸ். ஒருமுறை சொன்னதே போதும். விஞ்ஞானிகளே இதை எச்.பி.பி.டி. என்றுதான் அழைக்கிறார்கள். நாமும் அப்படியே வைத்துக்கொள்வோம். இந்த நொதியின் நடுவே ஓர் இரும்பு அணு உட்கார்ந்திருக்கிறது. தச்சரின் உளி என்று அதைச் சொல்லலாம். வேலை நடப்பது அதன் முனையில்தான்.

வியப்பு என்னவென்றால், இந்தத் தச்சர் செடியில் மட்டும் இல்லை. மாட்டின் ஈரலில் இருக்கிறார். உங்கள் ஈரலிலும் என் ஈரலிலும் இருக்கிறார். விதை நேர்த்திக்கு நீங்கள் பயன்படுத்தும் சூடோமோனாஸ் ஃப்ளூரசன்ஸ் என்ற பாக்டீரியாவிலும் இருக்கிறார். இந்த நொதியின் உருவ அமைப்பை முதன்முதலாகப் படம்பிடித்துக் காட்டியதும் அந்தப் பாக்டீரியாவிலிருந்து எடுத்ததைக் கொண்டுதான். அது 1999-ஆம் ஆண்டில் வெளிவந்தது. கோடிக்கணக்கான ஆண்டுகளில் பாக்டீரியாவும் புல்லும் பசுவும் மனிதனும் எங்கெங்கோ பிரிந்து போயிருந்தாலும், இந்த நொதியின் வேலை செய்யும் இடம் மட்டும் பெரிதாக மாறவில்லை. தாத்தா வைத்திருந்த உளியைப் பேரனும் வைத்திருப்பதுபோல.

உளி ஒன்றுதான், பிரித்த மரம் போகும் இடம்தான் வேறு. மாடும் மனிதனும் பிரித்த துண்டுகளை மேலும் உடைத்து அடுப்பில் போடுகிறார்கள், அதாவது உடலுக்கு எரிபொருளாக்குகிறார்கள். செடி அப்படிச் செய்துவிடுவதில்லை. அந்தத் துண்டைக் கொண்டு புதிய கதவும் நிலையும் செய்துகொள்கிறது. வைட்டமின் ஈ அதிலிருந்துதான் வருகிறது. பிளாஸ்டோகுவினோன் என்ற பொருளும் அதிலிருந்துதான் வருகிறது. இந்த இரண்டாவது பொருள் இல்லாவிட்டால் கேரட்டிலும் பப்பாளியிலும் காண்கிறோமே, அந்த மஞ்சள் நிறமியைச் செடியால் உண்டாக்க முடியாது.

பச்சை இலையில் மஞ்சள் நிறமிக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். வெற்றிலைக் கொடிக்காலில் அகத்திக்கு என்ன வேலையோ, அதே வேலை. சித்திரை வெயிலில் அகத்தியை வெட்டிவிட்டால் வெற்றிலை தீய்ந்துவிடும். இலையில் உள்ள பச்சையத்துக்கு நிழல் தருவது இந்த மஞ்சள் நிறமி. அது இல்லாமல் பிறக்கும் இலையில் பச்சையம் வெயிலில் எரிந்துபோகிறது. மிஞ்சுவது வெள்ளை.

மருந்து செய்வது இவ்வளவுதான். நொதியின் நடுவே உள்ள இரும்பைப் போய்க் கவ்விக்கொள்கிறது. உளியின் முனையில் சிராய் சிக்கியதுபோல் தச்சர் நின்றுவிடுகிறார். முன்பே விரிந்த இலைகளில் நிழல் ஏற்கெனவே போட்டு முடிந்தது. ஆகவே அவை சில நாள் பச்சையாக நிற்கின்றன. புதிய இலைக்குத்தான் நிழல் இல்லை. அந்தத் தோட்டத்தில் அடி பச்சை, குருத்து வெள்ளை என்று நான் கண்டதன் காரணம் இதுதான். செடியைக் கடைசியில் கொல்வது மருந்தைவிட வெயில் என்றே சொல்லலாம்.

ஒரு பூமரத்தடியில் தொடங்கிய கதை

இந்த மருந்துக் குடும்பம் பிறந்த கதையையும் சொல்லிவிடுகிறேன். பூங்காக்களில் சிவப்பாக, பாட்டில் கழுவும் பிரஷ்போலப் பூ தொங்கும் ஒரு மரத்தைப் பார்த்திருப்பீர்கள். ஆஸ்திரேலியாவைச் சேர்ந்தது. நம் பக்கத்திலும் அழகுக்காக வளர்க்கிறோம். 1977-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில் ஒரு பூச்சிமருந்துக் கம்பெனி விஞ்ஞானி, இந்த மரத்தின் கீழே களை அதிகம் முளைப்பதில்லை என்று கவனித்தார். நாமும் எத்தனையோ மரத்தடிகளில் இதைப் பார்த்திருக்கிறோம். அவர் அந்த மண்ணை அள்ளிக்கொண்டு போய்ச் சோதித்தார். புல் களைகளை வெளுக்கவைக்கும் ஒரு பொருள் அதில் இருந்தது. ஆனால் அந்தப் பொருளாகவே அடிப்பதென்றால் எக்டருக்குக் கிலோக் கணக்கில் வேண்டியிருந்தது. அதன் அமைப்பை மாற்றி மாற்றிச் செய்து பார்த்ததில்தான், எக்டருக்கு நூறு கிராம் அளவில் வேலை செய்யும் மருந்துகள் பின்னாளில் வந்தன.

இவற்றுள் ஒன்றை எலிகளுக்குக் கொடுத்துச் சோதித்தபோது எலிகளின் கருவிழி மேல் மங்கல் படர்ந்தது. இரத்தத்தைப் பார்த்தால் டைரோசின் ஏறிக் கிடந்தது. களைக்கொல்லி எந்த நொதியைத் தடுக்கிறது என்பதற்கு ஒரு நல்ல தடயம் எலியின் கண்ணிலிருந்துதான் கிடைத்தது! களைக்கொல்லியாக அந்தப் பொருள் கடைக்கு வரவில்லை. ஆனால் வேறொரு வாசல் திறந்தது.

பிறவியிலேயே டைரோசினை உடைக்கும் கடைசி நொதி இல்லாமல் பிறக்கும் குழந்தைகள் உண்டு. மிக அரிதான நோய். முதல் தச்சர்கள் வேலை செய்துகொண்டே இருப்பார்கள். கடைசித் தச்சர் இல்லாததால் பாதி பிரித்த துண்டுகள் நச்சாகத் தேங்கி ஈரலையும் சிறுநீரகத்தையும் அழிக்கும். சுவீடன் நாட்டின் கோத்தன்பர்க் நகரில் ஸ்வென் லிண்ட்ஸ்டெட் என்ற மருத்துவ விஞ்ஞானியும் அவருடைய கூட்டாளிகளும் ஒன்றை எண்ணிப் பார்த்தார்கள். கடைசியில் தேங்குவதுதான் நஞ்சு என்றால், முன்னாலேயே எச்.பி.பி.டி.யை நிறுத்திவிட்டால் நஞ்சே உண்டாகாதல்லவா? களைக்கொல்லி ஆராய்ச்சியில் ஒதுங்கிய அந்தப் பொருளை 1991-ஆம் ஆண்டில் குழந்தைக்குக் கொடுக்கத் தொடங்கினார்கள். 1992-இல் முடிவை வெளியிட்டார்கள். 2002-இல் அமெரிக்காவிலும் மருந்தாக அனுமதி கிடைத்தது. அந்தக் குழந்தைகள் டைரோசின் குறைந்த உணவைத் தொடர்ந்து உண்ண வேண்டும். ஆனாலும் ஈரல் மாற்று அறுவையை விட்டால் வழியில்லை என்றிருந்தவர்கள் பலர் இன்று வளர்ந்து பெரியவர்களாக இருக்கிறார்கள்.

இதைக் கேட்டுவிட்டு, களைக்கொல்லி உடலுக்கு நல்லது போலிருக்கிறதே என்று யாரும் வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிடாதீர்கள். அந்த மருந்து வேறு, நாம் வயலில் தெளிப்பது வேறு. நான் சொல்ல வந்தது இதற்கு நேர்மாறானது. களையில் உள்ள நொதி நம் உடலிலும் இருக்கிறது. ஆகவே மருந்தைக் கலக்கும்போது வெறுங்கையை விட்டுக் கலக்காதீர்கள். கையுறையும் கண்ணுக்குக் கண்ணாடியும் வேண்டும். எலியின் கண்ணை நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

மக்காச்சோளத்தின் திறமை

இப்போது அந்த உழவரின் கேள்விக்கு வருவோம். நொதி எல்லாவற்றிலும் ஒன்றே என்றால் மக்காச்சோளத்திலும் இருக்குமே, அது ஏன் வெளுக்கவில்லை?

இருக்கிறது. மக்காச்சோளத்தின் எச்.பி.பி.டி. நொதியையும் இந்த மருந்து பிடிக்கத்தான் செய்யும். மக்காச்சோளம் தப்புவது நொதியின் தன்மையால் அன்று. மருந்து நொதியைச் சென்று சேருமுன், அந்த மருந்தையே உடைத்து வீரியமில்லாமல் செய்துவிடும் வேறொரு நொதி அதனிடம் இருக்கிறது. சாரணையிடம் அது போதிய அளவு இல்லை. சோளம் மருந்தை உடைக்கிறது, ஆனால் மெதுவாக உடைக்கிறது. அதற்குள் குருத்து வெளுத்துவிடுகிறது. சில தயாரிப்புகளில் மக்காச்சோளத்தின் இந்த வேகத்தை இன்னும் தூண்டிவிட ஒரு துணைப்பொருளையும் சேர்க்கிறார்கள்.

அட்ரசின் கதை வேறு. அது பிடிக்கும் இடமும் வேறு, அதைச் செடி உடைக்கும் முறையும் வேறு. அந்த முறை மக்காச்சோளம், சோளம் இரண்டிடமும் உண்டு. ஆகவே அதைத் தாங்கியது இதையும் தாங்கும் என்பதற்கு ஆதாரம் கிடையாது. ஒரு பூட்டுக்குச் சாவி இருந்தால் ஊரிலுள்ள எல்லாப் பூட்டும் திறந்துவிடுமா?

மக்காச்சோளத்திலேயே எல்லா இரகமும் ஒன்றல்ல என்பதை இங்கே சொல்ல வேண்டும். மருந்தை உடைக்கும் இந்தத் திறமைக்கு முக்கியமான ஒரு மரபணு உண்டு. இனிப்பு மக்காச்சோளத்தில் சில வீரிய ஒட்டு இரகங்களில் அந்த மரபணு பழுதுபட்டிருப்பதை அமெரிக்காவில் கண்டிருக்கிறார்கள். அந்த இரகங்கள் சோளத்தைப்போலவே பாதிக்கப்படும். நெல்லிலும் இதே கதைதான். ஜப்பானில் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு மருந்தை நெல்லில் பயன்படுத்துகிறார்கள். அவர்களுடைய வழக்கமான நெல் தாங்கியது. நம் நாட்டு நெல்லினமாகிய இண்டிகா வழியில் வந்த சில உயர்விளைச்சல் இரகங்கள் வெளுத்தன. காரணமான மரபணுவை 2019-இல் கண்டுபிடித்து வெளியிட்டார்கள். ஆகவே இனிப்பு மக்காச்சோளம், பேபிகார்ன் போடுகிறவர்கள், விதை கொடுத்தவரிடம் அந்த இரகத்துக்கு இந்த மருந்து ஆகுமா என்று கேட்காமல் தெளிக்க வேண்டாம். தெளிவான பதில் கிடைக்காவிட்டால் ஒரு பாத்தியில் மட்டும் தெளித்து ஒரு வாரம் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். கூலி கொஞ்சம் கூடும், பயிர் மிஞ்சும்.

தெளிப்பவர்கள் கவனத்துக்கு

டெம்போட்ரையோன் எக்டருக்கு 120 கிராம் மூலப்பொருள் போதும். 42 சதம் என்று குறித்த தயாரிப்பில் இது 286 மி.லி. ஆகும். ஏக்கருக்கு ஏறத்தாழ 115 மி.லி. ஏக்கருக்கு 200 லிட்டர் தண்ணீர் என்று வைத்தால் பத்து லிட்டர் டேங்குக்கு ஆறு மில்லிக்கும் குறைவாகத்தான் வருகிறது. இவ்வளவு சிறிய அளவைப் பாட்டில் மூடியாலும் கண்ணளவாலும் அளக்க முடியாது. மருந்துக்கடையில் ஊசிக்குழல் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், சில ரூபாய்தான். ஒட்டும் திரவம் உடன் கொடுத்திருந்தால் அதையும் சொன்ன அளவில் சேர்க்க வேண்டும். அது இல்லாமல் தெளித்துவிட்டு மருந்து கேட்கவில்லை என்று குறை சொல்லுகிறவர்கள் உண்டு.

களை இரண்டு முதல் நான்கு இலைப் பருவத்தில் இருக்கும்போது தெளிக்க வேண்டும். களை முழங்காலளவு வளர்ந்த பிறகு அளவை இரட்டிப்பாக்கித் தெளிப்பது பணத்தையும் பயிரையும் சேர்த்துத் தண்ணீரில் விடுவது. சாரணை, தொய்யக்கீரை போன்ற அகன்ற இலைக் களைகளும் இளம் புல் களைகள் பலவும் கேட்கும். கோரைக்கும் அறுகுக்கும் இது ஏற்ற மருந்தல்ல; அவற்றுக்கு வேறு வழி பார்க்க வேண்டும்.

மக்காச்சோளத்தில் உளுந்தோ தட்டைப்பயறோ ஊடுபயிராக இருந்தால் இந்த மருந்தைத் தொடவே வேண்டாம். பக்கத்து வயலில் பருத்தி, காய்கறி இருந்தால் காற்றடிக்கும் நேரத்தில் தெளிக்கக்கூடாது. தெளித்து முடித்த டேங்கையும் குழாயையும் நாசிலையும் மூன்று முறை கழுவுங்கள். கழுவிய நீரை வாய்க்காலில் விடாமல் தெளித்த வயலிலேயே விட்டுவிடுங்கள். மருந்தின் லேபிளில் ஆங்கிலத்தில் மெய்ஸ் என்றோ கார்ன் என்றோ இருந்தால் அது மக்காச்சோளம் மட்டுமே. நம் சோளத்துக்கு ஆங்கிலத்தில் சோர்கம் என்று பெயர். அந்தச் சொல் இல்லாவிட்டால் சோளத்துக்கு அந்த மருந்து இல்லை என்று பொருள். கடைக்காரர் சொன்னாலும் சரி, நானே சொன்னாலும் சரி.

குருத்து வெளுத்திருப்பதைக் கண்டதும் என்னைப்போல் அவசரப்பட்டுவிடாமல் இருக்கச் சில அடையாளங்கள் சொல்கிறேன். துத்தநாகக் குறையில் இளம் இலையின் அடிப்பாகத்தில் நடு நரம்பின் இருபுறமும் வெள்ளைப் பட்டை ஓடும். நடு நரம்பும் ஓரமும் பச்சையாகவே இருக்கும். இரும்புக் குறையில் நரம்புகள் பச்சையாகவும் நரம்பிடை மஞ்சளாகவும் கோடு கிழித்ததுபோல் தெரியும்; சுண்ணாம்பு மிகுந்த நிலத்தில் சோளத்துக்கு இது அடிக்கடி வரும். அடிச்சாம்பல் நோயாக இருந்தால் விடியற்காலையில் இலையின் அடிப்பக்கத்தில் வெள்ளைப் பூசணம் மாவுபோல் படிந்திருக்கும். இந்த மருந்தாலானால் புதிய இலை முழுவதுமாக வெளுக்கும், சில நேரம் இளஞ்சிவப்பும் கலந்திருக்கும். எல்லாவற்றையும்விட, கீழே குனிந்து களையைப் பாருங்கள். களையும் வெளுத்திருந்தால் சத்துக்குறையைத் தேட வேண்டியதில்லை, தெளிப்பானைத் தேடுங்கள்.

களையும் கற்றுக்கொள்ளும்

இந்த மருந்து நன்றாக வேலை செய்கிறது என்பதற்காக ஆண்டுதோறும் இதையே தெளிப்பவர்களுக்கு ஒரு சேதி. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் விதை மக்காச்சோளம் விளைவிக்கும் வயல்களில் இந்தக் குடும்ப மருந்துகளைத் தொடர்ந்து தெளித்து வந்தார்கள். அங்கே ஒரு களை உண்டு. நம் முள்ளுக்கீரையின் உறவு. 2009-ஆம் ஆண்டில் எடுத்த விதைகளைச் சோதித்தபோது, அந்தக் களை மருந்துக்கு மசியவில்லை என்று தெரிந்தது. எப்படித் தப்பியது என்று ஆராய்ந்தார்கள். நொதி மாறியிருக்கும் என்றுதான் யாரும் எதிர்பார்ப்பார்கள். நொதி மாறவில்லை. மக்காச்சோளத்தைப்போலவே அந்தக் களையும் மருந்தை வேகமாக உடைத்துத் தள்ளிக்கொண்டிருந்தது! ஆயிரமாயிரம் செடிகளில் அந்தத் திறமை இருந்த ஒன்றிரண்டு தப்பி விதை விட்டன. அடுத்த ஆண்டு அவற்றின் பிள்ளைகள் முளைத்தன. எந்தத் திறமையை நம்பி மக்காச்சோளத்தில் இந்த மருந்தைத் தெளிக்கிறோமோ, அதே திறமை களைக்கும் வந்துவிட்டால் நமக்கு என்ன மிஞ்சும்? ஆகவே ஒரு பருவம் இந்த மருந்து என்றால் அடுத்த பருவம் வேறு வகை மருந்தோ பயிர் மாற்றமோ வேண்டும். தப்பி நிற்கும் நாலு களையைப் பூக்குமுன் கையால் பிடுங்கி எறிந்துவிடுங்கள். களைக்கொல்லி தெளித்தாயிற்று என்று களைக்கொத்தைப் பரணில் போட்டுவிடக்கூடாது.

அந்தத் தோட்டத்துக்குத் திரும்புகிறேன். எல்லாம் கேட்டுவிட்டு அவர் கடைசியாகக் கேட்டது, "இதை அறுத்து மாட்டுக்குப் போடலாங்களா?" என்பது. நான் வேண்டாம் என்றேன். சோளத்துக்கு அந்த மருந்து பரிந்துரைக்கப்படவில்லை; ஆகவே தெளித்த பின் எத்தனை நாள் கழித்து மாடு தின்னலாம் என்ற கணக்கும் அதற்கு இல்லை. இன்னொரு காரணம், சோளத்துக்கே உரிய நச்சு. இளஞ்சோளத்திலும், வளர்ச்சி குன்றி மறுபடியும் துளிர்க்கும் சோளத்திலும் சயனைடு நச்சு இருப்பதும், மேய்ந்த மாடு வயிறு உப்பித் துடிப்பதும் உங்களுக்குத் தெரியாததல்ல. அந்த நச்சைச் சோளம் எதிலிருந்து உண்டாக்குகிறது தெரியுமா? இதே டைரோசினிலிருந்துதான்.

பாதிச் சோளம் காய்ந்துவிட்டது. மீதி மெல்லப் பச்சை திரும்பினாலும் குட்டையாகவே நின்றது. அதை உழுதுவிட்டு அதே முப்பது சென்டில் ஆப்பிரிக்க நெட்டை என்ற தீவன மக்காச்சோளத்தை விதைத்தார். அது அறுவைக்கு வரும்வரை சோளத்தட்டை விலைக்கு வாங்கித்தான் மாடுகளைக் காப்பாற்றினார். மிஞ்சிய மருந்தின் விலையைவிடத் தட்டுக்குக் கொடுத்த பணம் பல மடங்கு என்று என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னார். சிரித்தது அவர்தான், அவர் வீட்டு அம்மா சிரிக்கவில்லை.